ஓட்டுத்துண்டு காணி உறுதி அல்ல

திசமகாராமையில் அகழ்ந்தெடுத்த தட்டொன்றின் உடைந்த துண்டு 2010ஆம் ஆண்டிலிருந்து கொழும்புத் தமிழ் மேடைகளில் ஓய்வில்லாமல் வலம் வருகிறது. வெள்ளவத்தையில் நூல் வெளியீடாக இருக்கட்டும், கொட்டாஞ்சேனையில் பழைய மாணவர் ஒன்றுகூடலாக இருக்கட்டும், வரலாறு என்ற பேச்சு எழுந்ததும் யாராவது ஒருவர் அந்த ஓட்டை எடுத்துவிடுவார். துட்டகைமுனுவின் உறுகுணையிலேயே, கி.மு. 200 அளவிலேயே, தமிழில் எழுதிய ஓடு கிடைத்திருக்கிறது. இனி எங்களை வந்தேறுகுடிகள் என்று யாரால் சொல்ல முடியும்? கைதட்டல் அடங்குமுன் அடுத்த வசனம் வரும்: ஆகவே இந்த மண் எங்களுடையது.

முதல் வசனத்தோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. அந்த ‘ஆகவே’யோடுதான் பிணக்கு.

மேடைப் பேச்சுத்தானே என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஞாயிறு இதழ்க் கட்டுரைகள், புலம்பெயர்ந்தோர் நடத்தும் யூடியூப் அலைவரிசைகள், பிள்ளைகளின் பேச்சுப்போட்டிக் கொப்பிகள் வரைக்கும் இன்று இதுவே பொதுக் கருத்து. ஓட்டில் எழுத்து இருக்கிறது, எழுத்தின் மொழி தெரிகிறது, அந்த மொழியைப் பேசியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள், அவர்களே நாங்கள், ஆகவே காணி எங்களுடையது. சிங்களத் தரப்பிலும் இதே தர்க்கம் இதே ஒழுங்கில் நடக்கிறது. அங்கே பிராகிருத எழுத்துள்ள ஓடுகள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வாசிப்பு தவறு என்பது என் வாதம். தவறு மட்டுமல்ல, தமிழருக்கு நட்டம் தருகிற தவறு.

திசமகாராமை ஓட்டையே முதலில் எடுப்போம். அக்குருகொட என்ற இடத்தில் ஜெர்மன் தொல்லியலாளரும் இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தவரும் 1990களில் தொடங்கிய அகழ்வுகளின் பேறு அது. கறுப்பு–சிவப்பு வகைத் தட்டு. ஐராவதம் மகாதேவன் 2010 ஜூனில் ‘தி இந்து’ நாளிதழில் அதைத் ‘திரளி முறி’ என்று வாசித்தார். அவையினர் எழுதிக்கொண்ட உடன்படிக்கை என்று பொருள் சொன்னார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முடிவிலேயே தென்னிலங்கையில் தமிழ் வணிகர் குழுவாக அமைந்து தொழில் செய்ததற்கு இது சான்று என்றும் எழுதினார். மகாதேவன் சாமானியரல்லர். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றி 2003இல் வந்த அவருடைய பெருநூலைத் தாண்டித் தமிழ்ப் பிராமியில் எவரும் கைவைக்க முடியாது. ஆனால் அந்த வாசிப்பு எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டுமல்லவா? ஓட்டில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய எழுத்துகள். இடையில் எழுத்தல்லாத கீறல் குறிகளும் உண்டு. ஒரு பகுதியை வழக்கம்போல் இடமிருந்து வலமாகவும் மற்றதை வலமிருந்து இடமாகவும் படித்தால்தான் ‘திரளி முறி’ வருகிறது. தட்டின் மிச்சப் பகுதி நம்மிடம் இல்லை.

பெர்லினைச் சேர்ந்த பிராமி அறிஞர் ஹரி ஃபால்க், திசமகாராமை மட்பாண்டங்களில் இருந்த எழுத்துகளைச் சேர்த்து ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றைப் பாண்டத்துக்கு உரியவர்கள் கீறிய குறிகளாகவே அவர் பார்க்கிறார். மகாதேவனின் வாசிப்பை அவர் ஏற்கவில்லை.

இருவரில் யார் சரி என்பதை எழுத்தியலாளர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், ஓர் அவை தன் உடன்படிக்கையைச் சோற்றுத் தட்டில் கீறிவைத்தது என்று நம்புவதற்கு ஐந்தாறு எழுத்துப் போதாது. அது என் அபிப்பிராயம். ஆனால் ஃபால்க்கின் பெயரைக் கொழும்பு மேடை ஒன்றிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. மறுப்பு இருக்கிறது என்று சொல்லி அதற்குப் பதில் சொல்பவர் வாதாடுகிறார். மறுப்பே இல்லாததுபோல் நடந்துகொள்பவர், நாளைக்கு எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக் காட்டும்போது தன் பின்னால் நிற்கும் சனத்தையும் சேர்த்துத் தலைகுனிய வைக்கிறார்.

எழுத்துள்ள ஓட்டை வாசிப்பதற்குள் எத்தனை தீர்மானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? எலிவளை வழியாகவும் பிற்காலத்தில் வெட்டிய குழி வழியாகவும் ஓடு மேலிருந்து கீழே இறங்கும். ஆகையால் ஒரு தனி ஓட்டின் காலம் அடுக்கின் காலத்தோடு எப்போதும் ஒத்துப்போகாது. எழுத்து சூளைக்குப் போகுமுன் ஈரமண்ணில் எழுதியதா, சுட்ட பிறகு கீறியதா? ஈரமண்ணில் என்றால் குயவரின் பட்டறையில் எழுதியது. சுட்டபின் என்றால், அந்தப் பாண்டத்தைக் கையில் வைத்திருந்த எவரும், எந்த ஊரிலும், எப்போதும் கீறியிருக்கலாம். இலங்கையிலும் தமிழகத்திலும் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை சுட்டபின் கீறியவையே. பானை ஓரிடத்தில் வனைந்து, இன்னோரிடத்தில் பெயர் பெற்று, வேறோரிடத்தில் உடைந்திருக்கலாம். அகழ்பவர் காண்பது உடைந்த இடத்தை மட்டும்.

அதன் பிறகு எழுத்து. ஆரம்பகாலத் தமிழ்ப் பிராமியில் புள்ளி இல்லை. மெய்யையும் அகர உயிர்மெய்யையும் பிரித்துக் காட்டாத முறை ஒன்று இருந்தது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கோட்டைப் போட்ட முறை இன்னொன்று. எந்த முறை என்று வாசிப்பவரே முடிவெடுக்க வேண்டும். முடிவுக்கேற்ப அதே கீறல் ‘கண்’ ஆகும், ‘கண’ ஆகும், ‘காண’வும் ஆகும். மொழியைத் தீர்மானிப்பதும் அப்படித்தான். ற, ன, ழ வந்தால் தமிழ் என்று துணியலாம். ள வந்தால் துணிய முடியாது. பாளியிலும் அது உண்டு. இந்த அடையாளங்கள் எதுவுமில்லாத இரண்டெழுத்து, மூன்றெழுத்துத் துண்டுகள் எந்த மொழிக்கும் பிடிகொடுக்காதவை. அவற்றைத் தமிழ் என்பதும் பிராகிருதம் என்பதும் வாசிப்பவரின் விருப்பம்.

சரி, பாண்டத்தில் ஏன் பெயர் கீறினார்கள்? இதற்கு நாங்கள் அகழ்வாய்வு அறிக்கை புரட்டத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நாலு பரம்பரை கண்ட வீடென்றால் அலுமாரிக்கு மேலே ஒரு பித்தளை மூக்குப்பேணியாவது இருக்கும். விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக ஆணி வைத்துத் தட்டிய இரண்டெழுத்து: ‘வே. க.’ அம்மம்மாவின் தகப்பனின் முதலெழுத்தாக இருக்கலாம், கலியாணத்துக்குக் கொடுத்த மாமாவினுடையதாக இருக்கலாம். செட்டியார் தெருவில் வாங்கிய வெள்ளிச் செம்பென்றால் எழுத்துக் கொஞ்சம் வடிவாக இருக்கும். சாவீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் இரவல் போனால் திரும்பி வரவேண்டுமே என்று வெட்டிய பெயர். யாழ்ப்பாணத்தில் வாங்கிய பேணி கொழும்புக்கு வந்து, இப்போது மகளோடு ஸ்காபரோவுக்குப் போய்விட்டது. இரண்டாயிரம் வருடம் கழித்து அதைத் தோண்டியெடுப்பவர் ‘வே. க. அவையின் உடன்படிக்கை’ என்று வாசித்து, ஒன்ராறியோ தமிழரின் ஆதித் தாயகம் என்று முடிவுகட்டினால், பேணிக்காரி சிரித்தே செத்திருப்பாள்.

மேடைத் தர்க்கத்தின் உண்மையான ஆபத்துக் கந்தரோடையில் இருக்கிறது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்காக விமலா பெக்லி அங்கே அகழ்ந்தார். வெளிவந்த ஓடொன்றில் பிராமி எழுத்தில் ‘ததஹ பத’ என்று இருந்தது: தத்தனுடைய பாத்திரம். வரலாற்றாய்வாளர் கா. இந்திரபாலா 1973இல் இதைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார். மொழி பிராகிருதம். இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம். இப்போது அந்தத் தர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள். திசமகாராமை ஓடு தமிழ், ஆகவே திசமகாராமை தமிழருடையது என்றால், கந்தரோடை யாருடையது? அந்த ஊரைக் ‘கதுருகொட’ என்று அழைத்து, அங்குள்ள சிறு தூபிகளைக் காட்டிச் சிங்கள ஊராக்கப் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு கொடுக்க முடியுமா? ஓர் ஓட்டை உறுதியாக ஏற்றால் மற்றதையும் ஏற்க வேண்டும். முடிவில் அம்பாந்தோட்டை எங்களுக்கு, வலிகாமம் அவர்களுக்கு! இந்தக் கைமாற்றுக்கு எந்தப் பேச்சாளர் கையெழுத்துப் போடுவார்?

ஆகவேதான் எங்கள் ஆட்கள் கந்தரோடை ஓட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அவர்களுடைய ஆட்கள் திசமகாராமை ஓட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

உண்மையில் இரண்டு ஓடும் சேர்ந்து சொல்வது மிகவும் சுவையான கதை. அதைக் கேட்க வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக்குப் போகவேண்டும். அங்கே குகைக் கல்வெட்டுகளில் விசாகன் என்ற ஒரு வணிகக் குடும்பத் தலைவன் தன்னைத் ‘தமேட’, அதாவது தமிழன், என்று எழுதுவித்திருக்கிறான். எழுதுவித்த மொழி பிராகிருதம். அவனுடைய பெயரும் பிராகிருதப் பெயர். கொடுத்தது பௌத்தத் துறவிகளுக்கு. கல்வெட்டு சிதைந்து, அவன் சாப்பிட்ட தட்டு மட்டும் ‘விசாகனுடைய’ என்ற பிராகிருதப் பெயரோடு மிஞ்சியிருந்தால் என்ன எழுதியிருப்போம்? தட்டுக்காரன் சிங்களவன் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்கும்! அநுராதபுரத்தில் தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடுவதற்கென்று அமைத்த தளத்தின் கல்வெட்டும் அப்படித்தான். அதில் ஒவ்வொருவருடைய இருக்கையும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவன் கப்பல்காரன். தமிழர் என்ற அடையாளம் கல்லிலேயே இருக்கிறது, மொழி மட்டும் பிராகிருதம். எழுத்தின் மொழி வேறு, எழுதியவரின் இனம் வேறு என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தக் காலத்து வணிகர் பிராகிருதத்தைக் கையாண்டது, இன்று கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் மூன்று மொழியில் விலை சொல்வதுபோல ஒரு தொழில் தேவை.

இந்த இடத்தில் ஒரு குரல் குறுக்கிடும், அது நியாயமான குரல்தான். அவர்கள் தொல்லியலை வைத்தே காணி பிடிக்கும்போது நாங்கள் மட்டும் நேர்மை பார்த்துக்கொண்டிருப்பதா? 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் தொல்லியலின் பெயரால் நடக்கும் காணிப் பிணக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குமுறல் எனக்கும் உண்டு. ஆனால் செயலணியின் குற்றம் அது ஓடுகளைத் தவறாக வாசித்தது என்பதல்ல. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய பொருளை வைத்து இன்றைய குடிமகனின் காணியைத் தீர்மானிக்கலாம் என்று அது எடுத்துக்கொண்டதுதான் குற்றம். அந்த விதியை ஏற்றுக்கொண்டு ‘எங்களிடமும் ஓடு இருக்கிறது’ என்று எழுந்து நிற்பவர், வழக்கைத் தொடங்குமுன்னே தோற்றுவிடுகிறார். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அகழ்வு அனுமதி அரசின் கையில். களஞ்சியம் அரசின் கையில். வர்த்தமானியும் அரசின் கையில். எந்த மேட்டைத் தோண்டுவது, எந்த ஓட்டை வெளியிடுவது, எதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது என்று தீர்மானிப்பவர் எதிரே இருக்க, ஓடுகளை எண்ணித் தீர்ப்பு எழுதும் நீதிமன்றத்துக்கு நாங்களாகவே ஏன் போகிறோம்?

அப்படியானால் ஓடுகளால் பயனே இல்லையா? நிறைய உண்டு. தமிழர் சோழர் படையோடு வந்தவர்கள் என்ற பல்லவியை உடைக்க அவை தாராளமாகப் போதும். ‘அதற்கு முன் ஒருவரும் இல்லை’ என்ற கூற்றைப் பொய்யாக்க ஒரே ஒரு உறுதியான சான்று போதும். பெரியபுளியங்குளத்து விசாகனே அதற்குப் போதும். பூநகரியில் புஷ்பரட்ணம் கண்டெடுத்து 1993இல் நூலாக்கிய ஓடுகள் இருக்கின்றன. அக்குருகொடவிலேயே தமிழ்ப் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் அவற்றை 1999இல் பதிப்பித்தார்கள். மகாசாத்தன் என்பது அவற்றில் ஒரு பெயர். தட்டில் கீறிய பெயரைவிட நாணயத்தில் பொறித்த பெயருக்குக் கனம் அதிகம். நாணயம் வெளியிடப் பணபலமும் வேண்டும், சுற்றியிருப்பவர்களின் நம்பிக்கையும் வேண்டும். ஆனால் மேடைகளுக்கு இந்த நாணயங்கள் பிடிப்பதில்லை. ஐந்தாறு எழுத்து ஓடுதான் பிடிக்கிறது. அநுராதபுரத்தில் கொனிங்ஹாமும் ஓல்ச்சினும் எடுத்த பிராமி ஓடுகள் அசோகனுக்கு முந்திய கி.மு. நான்காம் நூற்றாண்டு அடுக்குகளைச் சேர்ந்தவை. எழுத்து இங்கே வணிகர் கையோடு வந்திருக்கலாம் என்று அவை காட்டின. அதையும் எங்கள் மேடைகள் கண்டுகொள்ளவில்லை.

சில எழுத்துகளுக்குள் ஆசையை வாசிக்கும் இந்த நோய் எபிரேய ஓடுகளின் நாட்டிலும் உண்டு. கொட்டாஞ்சேனையில் வேதாகமம் வாசிப்பவர்களுக்கு லாகீஸ் தெரிந்த ஊர். எரேமியாவின் நூலில் அசெக்காவோடு சேர்ந்து வரும். 1935இல் அங்கே ஸ்டார்க்கி கண்டெடுத்த ஓடுகளில் மைக்கடிதங்கள் இருந்தன. ஒன்றில் அசெக்காவின் அடையாளத் தீ தெரியவில்லை என்ற செய்தி உண்டு. முழு வாக்கியங்கள், அனுப்பியவர், பெறுபவர், செய்தி; ஆகவே வாசிப்பிலும் பெரிய சண்டை இல்லை. 2008இல் கிர்பெத் கெயாஃபாவில் ஐந்து வரி ஓடு கிடைத்தபோதோ கதை மாறியது. மங்கிய மை, விட்டுவிட்டு நின்ற எழுத்து. 2010இல் கெர்ஷோன் கலில் அதில் விதவைகளையும் அநாதைகளையும் காக்கும் கட்டளையைக் கண்டு, மிகப் பழைய எபிரேய எழுத்து என்றார். எபிரேயம்தானா என்றே மற்ற அறிஞர் சிலர் சந்தேகப்பட்டார்கள். தாவீதின் அரசை நிறுவத் துடித்தவர்களுக்குச் சந்தேகம் காதில் விழவில்லை. எழுத்துக் குறையக் குறைய வாசிப்பவரின் ஆசை அந்த வெற்றிடத்தை நிரப்பும். பின்னொரு கூத்தும் நடந்தது. லாகீஸில் ஒரு பார்வையாளர் கண்டெடுத்த, பாரசீக மன்னன் தாரியுவின் பெயருள்ள அரமேய ஓடொன்றை 2023 மார்ச் தொடக்கத்தில் இஸ்ரேல் தொல்லியல் அதிகாரசபை உலகுக்கு அறிவித்தது. சில நாளிலேயே அறிவிப்பை மீளப்பெற வேண்டியதாயிற்று. மாணவர்களுக்குச் செய்துகாட்ட நிபுணர் ஒருவர் அண்மையில் கீறி, அங்கேயே விட்டுப்போன துண்டு அது. ஓடு பழையது, எழுத்துப் புதியது. தேர்ந்த ஆய்வுகூடங்களுக்கே இந்தக் கதி என்றால், வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து இராச்சியம் கட்டுபவர்களை என்ன சொல்வது?

எகிப்தின் செங்கடற்கரைத் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்று பெயர்கள். இன்னொன்றில் ‘பானை ஒறி’, அதாவது உறியில் கட்டிய பானை, என்று மகாதேவன் வாசித்தார். அதுவும் அவருடைய வாசிப்பே, அதை நான் இரு கையாலும் ஏற்கிறேன். பானையில் எழுதியிருப்பது பானையைப் பற்றி. உறி கட்டித் தொங்கவிட்ட பண்டம் கடல் தாண்டிப் போயிருக்கிறது. எழுதத் தெரிந்த ஒருவர் அதைத் தன் மொழியில் குறித்திருக்கிறார். எவ்வளவு பெரிய செய்தி! அதனால் எகிப்து தமிழருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் அந்த ஓட்டின் மதிப்புக் குறையவுமில்லை.

எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் எங்களுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. 1965இல் லண்டனில் எழுதிய ஆய்வேட்டில் இந்திரபாலா, நிலையான தமிழ்க் குடியேற்றங்கள் பிற்காலத்தவை என்ற முடிவுக்கு வந்திருந்தார். எதிர்த்தரப்பு அதை ஆசையோடு மேற்கோள் காட்டியது. 1980இல் ஆனைக்கோட்டையில் அவர் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில், மேல்வரியில் குறிகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் கொண்ட முத்திரை கிடைத்தது. அதன் கடைசி எழுத்தை எப்படிப் படிப்பது என்பதில் இன்றும் வேறுபாடு உண்டு. கிடைத்த மறுநாளே அவர் மேடையேறவில்லை. சான்றுகளைச் சேர்த்து, முந்திய முடிவைத் திருத்தி, 2005இல் புதிய நூல் எழுதினார். ‘இலங்கையில் தமிழர்: ஓர் இனக்குழு ஆக்கம் பெற்ற வரலாறு’ என்று தமிழிலும் வந்தது. தமிழரும் சிங்களவரும் பெருமளவுக்கு ஒரே ஆதிக்குடிகளிலிருந்து வெவ்வேறு மொழிகளுக்குள் வளர்ந்தவர்கள் என்பது அந்த நூலின் நிலைப்பாடு. வெள்ளவத்தையில் அதைப் பாராட்டாதவர் இல்லை. முழுக்க வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. வாசித்தவர் அந்த ‘ஆகவே’யைச் சொல்லமாட்டார்.

காணி உரிமை என்றால், போரின்போது 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் கையில் இருப்பது எழுதிய உறுதி. எல்லை நான்கும் குறித்து, நொத்தாரிசு கையொப்பமிட்ட உறுதி. அவர்களின் உரிமைக்குப் பிராமி எழுத்துச் சாட்சி தேவையில்லை. அந்த உறுதியை மதிக்காத அரசு கி.மு. 200ஆம் ஆண்டு ஓட்டை மதிக்கப்போவதுமில்லை. 1983இல் வெள்ளவத்தையில் எரித்த வீடுகளுக்கும் கணக்கு ஓட்டில் எழுதப்படவில்லை.

ஓடுகளுக்காகக் கைதட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடக்குக் கிழக்கில் இதுவரை கிடைத்த எழுத்துள்ள ஓடுகள் அனைத்துக்கும் வரைபடம், நிழற்படம், மண்ணடுக்கு விபரம், மாறுபட்ட வாசிப்புகள் எல்லாம் அடங்கிய ஒரு பட்டியல் நூல் மூன்று மொழியிலும் வரவேண்டும். விழாவுக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை அதற்கும், தொல்லியல் படிக்கும் தமிழ் மாணவருக்கும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் பேச்சாளர் ஓட்டின் படத்தைத் திரையில் காட்டும்போது, கைதட்டுமுன் எழுந்து கேளுங்கள்: எந்த அடுக்கில் கிடைத்தது, சுட்டபின் கீறியதா, இதை வேறுவிதமாக வாசித்தவர் யார், அவருக்கு உங்கள் பதில் என்ன?